அப்பா அனுப்பும் 140-ம், பரிசோதனைக்கூடம் சொல்லும் 10.4-ம்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் திருமணமாகிப் பெங்களூரில் இருக்கிறேன். பெற்றோர் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 59 வயது. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலேயே ஒரு தறிக்கூடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். மெட்பார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளோடு இரண்டு வேளை கலப்பு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கடைசி மூன்று ஹெச்பிஏ1சி பரிசோதனைகள்: 9.8, 10.6, 10.4. ஆனால் வீட்டு மீட்டரில் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் அளவுகள் எல்லாம் 130-க்கும் 150-க்கும் இடையில்தான். “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அம்மிணி, நீ கவலைப்படாதே” என்கிறார்.

அவர் பார்க்கும் மருத்துவமனையில், மாதக் கட்டணம் கட்டினால் தொலைபேசி வழியாகவே தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் ஒரு திட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? நேரில் பார்த்தே அடங்காத சர்க்கரை, தொலைபேசியில் அடங்குமா? கையில் ஒட்டும் சென்சார் வாங்கித் தரலாமா? இன்னொன்றும் உண்டு. வரும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். சமீப காலமாகப் பாதம் மரத்துப்போகிறது என்றும் அம்மா சொல்கிறார். விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். ஆனால் பணம் கட்டும் முன்பு அந்தத் திட்டத்தை நடத்துபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அப்பாவின் சர்க்கரை மோசமாக வந்த அன்று, அதைப் பார்த்து மருந்தளவை மாற்றும் பொறுப்பு யாருடையது, எத்தனை நாளுக்குள் மாற்றுவார்? ஒரு பெயரும் ஒரு கால அளவும் பதிலாக வந்தால் நம்பிச் சேரலாம். “எல்லாம் செயலியில் பதிவாகும், அழகாக வரைபடம் வரும்” என்று சொன்னால் யோசியுங்கள். கணக்கு நோட்டில் எழுதி வைப்பதால் மட்டும் கடன் அடைவதில்லை.

திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு புதிரை அவிழ்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு எந்தத் திட்டத்தில் சேர்த்தாலும் பயன் இருக்காது.

ஹெச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சுவடு. அதைத் தினசரிச் சராசரியாக மாற்ற ஒரு வாய்பாடு உண்டு: 28.7-ஆல் பெருக்கி, 46.7-ஐக் கழிக்க வேண்டும். 10.4-க்குப் போட்டுப் பாருங்கள், 252 வரும். அதாவது இரவு, பகல், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் எல்லாம் சேர்த்து அப்பாவின் சராசரி 250-ஐ ஒட்டி இருக்கிறது. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அவர் அனுப்பும் 140-தான் உண்மையான சராசரி என்றால் ஹெச்பிஏ1சி 6.5 வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

நடுவில் காணாமல்போன 110 எங்கே? ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைவில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதனால் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது காரணமாக இருப்பது அரிது. மீட்டரின் பிழையும் காரணமாக இராது. இப்போதுள்ள தரவிதிப்படி வீட்டு மீட்டர் 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின்னாகக் காட்டலாம். 140 என்பது 160 ஆக இருக்கலாம், 250 ஆக இருக்காது. காலாவதியான ஸ்ட்ரிப், மூடி திறந்தே கிடந்த ஸ்ட்ரிப் டப்பா இவற்றை மட்டும் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. நோயாளி பொய் சொல்வதில்லை; நல்ல நேரத்தில் மட்டும் பார்க்கிறார். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 140. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 310. ஒரே ஒருமுறை அந்த 310-ஐப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்த நேரத்தில் விரலைக் குத்துவதையே விட்டுவிடுகிறார். அல்லது பார்க்கிறார், அனுப்புவதில்லை. ஏன் அனுப்புவதில்லை என்று நீங்கள்தான் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பு எப்போதாவது 240 என்று அனுப்பியிருந்தால், அன்று பெங்களூரிலிருந்து அவருக்கு என்ன தொலைபேசி வந்திருக்கும்? “என்ன சாப்பிட்டீர்கள்? மறுபடியும் கல்யாண வீட்டுக்குப் போனீர்களா? அம்மா, நீ ஏன் பார்த்துக்கொள்ளவில்லை?” உங்கள் கவலையிலிருந்து வந்த கேள்விகள்தாம். ஆனால் 59 வயதில், நாளெல்லாம் தறியில் நின்றுவிட்டு வந்த மனிதர், மகளிடம் திட்டு வாங்குவதைவிட 140 என்று அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஆகவே முதல் மருந்து உங்கள் கையில் இருக்கிறது. இனிமேல் எந்த அளவு வந்தாலும் திட்டமாட்டேன் என்று அப்பாவிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருத்துவருக்குப் பயன்படுவது மோசமான அளவுதான். எந்த வேளை மருந்தில் கை வைக்க வேண்டும் என்று அதுதான் காட்டும். முடிந்தால் அந்த வாட்ஸ்அப் செய்திகள் உங்களுக்கு வராமல் நேராக மருத்துவமனைச் செவிலியருக்குப் போகட்டும். நீங்கள் மகளாக மட்டும் இருங்கள். பேத்தியின் பள்ளிக்கூடக் கதையைப் பேசுங்கள்.

பெரும்பாலான மீட்டர்கள் பழைய அளவுகளை நூற்றுக்கணக்கில் தமக்குள்ளேயே வைத்திருக்கும். திட்டத்தில் சேர்ந்ததும் செவிலியர் அவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் உள்ள பல மீட்டர்களில் தேதியும் நேரமும் வாங்கிய நாளிலிருந்து சரிசெய்யப்படாமலே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எடுத்த அளவு மதியம் என்று காட்டும். முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

இனி அப்பாவின் வேலைக்கு வருகிறேன். சர்க்கரை அடங்காததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கலப்பு இன்சுலின் என்பது வேகமாக வேலை செய்யும் பாகமும் மெதுவாக வேலை செய்யும் பாகமும் கலந்த மருந்து. ஊசி போட்டால் குறித்த நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். பழைய வகையானால் அரை மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சீட்டில் எழுதும்போது மருத்துவரின் மனதில் இருப்பது பகலில் வேலை செய்து இரவில் தூங்கும் மனிதர். இரவு ஷிப்டு வாரத்தில் அப்பாவுக்குக் காலை எது, இரவு எது? மாலையில் ஊசி போட்டுவிட்டு, அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி வாக்கில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. பாவு அறுந்து கிடக்கும்போது உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. டீக்கடைக்காரர் கொண்டுவரும் டீயோடு இரண்டு பன்னைச் சாப்பிடுகிறார். நடுக்கம் நிற்கிறது. நள்ளிரவில் தூக்குப்போசியில் இருக்கும் சோறு. ஷிப்ட் முடிவதற்குள் சர்க்கரை 300. வீட்டுக்கு வந்து படுத்து, மதியம் எழுந்து பார்க்கும்போது 145. அதுதான் உங்களுக்கு வருகிறது.

இது என் ஊகம்தான். ஆனால் தறிக்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் இரவு வேலை செய்பவர்களிடம் இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தாழ்சர்க்கரைக்குப் பயந்து சாப்பிடுவதால் ஏறும் சர்க்கரை. அதைக் குறைக்க இன்சுலினைக் கூட்டினால் நடுக்கம் இன்னும் கூடும், பன்னும் கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரியவே வராது. தொலைவழிப் பராமரிப்பு எனக்குப் பிடித்திருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வாரம் ஒருமுறை ஒரே செவிலியர் பேசினால், மூன்றாவது வாரத்தில் அந்தப் பன் வெளியே வந்துவிடும்.

இதோடு சேர்த்துக் கிளிமிபிரைடு மாத்திரை. அதுவும் சர்க்கரையைத் தாழ்த்தும் மருந்து. இன்சுலினோடு சேரும்போது தாழ்சர்க்கரை வர வாய்ப்பு கூடுகிறது. அது இன்னும் தேவையா, ஷிப்டு மாறும் வாரத்துக்கு ஊசி நேரம் என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு ஷிப்டுக்கும் இரண்டு தனித்தனி அட்டவணை எழுதி வாங்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நடுக்கம் வரும்போதெல்லாம் அது தாழ்சர்க்கரைதானா என்பதும் ஒரு கேள்வி. பல மாதங்கள் 250-இல் பழகிய உடல் 120-க்கு இறங்கும்போதே தாழ்ந்துவிட்டதுபோல் நடுங்கும். மீட்டர் கையில் இருந்தால் குத்திப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நாட்டுச்சர்க்கரையானாலும் சரிதான். மீட்டர் இல்லையென்றால் தயங்காமல் குடித்துவிட வேண்டும். பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாட்டுச்சர்க்கரை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: கவுந்தப்பாடிச் சர்க்கரை உடம்புக்கு நல்லது, அது ஒன்றும் செய்யாது என்று சொல்லி டீயில் அள்ளிப் போடுபவர்களுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. ரத்தத்துக்கு வெள்ளைச் சர்க்கரையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கருப்பட்டியும் தேனும் அப்படியே. அப்பா ஒரு ஷிப்டுக்கு எத்தனை டீ குடிக்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

திட்டத்தில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே ஒரு வீடியோ அழைப்பு நடக்க வேண்டும். அம்மா கேமராவைப் பிடித்துக்கொள்ள, அப்பா வழக்கம்போல ஊசி போட்டுக் காட்டட்டும். யாரும் குறுக்கே பேசக் கூடாது. இதில் தெரியவரும் விஷயங்கள் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி ஊசி. கடைக்காரர் கை மாற்றி ஆரஞ்சு மூடி ஊசியைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் 40 யூனிட் மருந்தில் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். நோயாளி 20 என்பார், சீட்டிலும் 20 இருக்கும், சர்க்கரை மட்டும் இறங்காது. தலைகீழாக மாறினால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால், 20-க்குப் பதில் 50 யூனிட் போய் உயிருக்கே ஆபத்து. அப்பா பேனா ஊசி பயன்படுத்துகிறார் என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து, ஊசி போடும் இடம். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி திரளும். வலிக்காது என்பதால் அங்கேயே குத்துவார்கள். அதில் போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. வயிற்றைத் தடவிப் பார்த்தால் அம்மாவுக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறினால் மருந்து முழுதாக ஏறும்; பழைய அளவையே போட்டால் சர்க்கரை சட்டென்று தாழலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கலப்பு இன்சுலின் கலங்கலான மருந்து. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்கிய பிறகே போட வேண்டும். வண்டிப் பெட்டியில் மருந்தை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் போகக் கூடாது. திறக்காத மருந்து குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள், உறைபெட்டிக்குப் பக்கத்தில் படாமல் இருக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் வீடானால் ஈரமண் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறிய பானை வைத்து அதில் மருந்தை வைக்கலாம். அது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, நல்ல ஏற்பாடு.

இந்த வீடியோ அழைப்பைச் செய்யாத திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்னும் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. அதன்படி, தொலைபேசியில் மருந்து எழுதுபவர் பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். “எங்கள் உணவியல் நிபுணர் இரண்டு யூனிட் கூட்டச் சொன்னார்” என்ற பேச்சுக்கு இடமில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த விதிக்குள் நின்று செவிலியர் கூட்டிக் குறைக்கலாம். அந்த விதி எழுத்தில் இருக்க வேண்டும், உங்களிடமும் ஒரு பிரதி வேண்டும். வாரா வாரம் ஆள் மாறும் அழைப்பு மையமா, ஒரே செவிலியரா என்று கேளுங்கள். அழைப்பு நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். தறிக்கூடத்துக்குள் தொலைபேசி மணி கேட்காது. கேட்டாலும் அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பகல் ஷிப்டு வாரத்தில் மாலையிலும், இரவு ஷிப்டு வாரத்தில் அவர் தூங்கி எழுந்த பிறகும் கூப்பிட வேண்டும். “மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை” என்று கோப்பில் எழுதி மூடுவதெல்லாம் பராமரிப்பு ஆகாது. அம்மாவின் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

நேரில் அடங்காதது தொலைபேசியில் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாயம் எதுவும் நடக்காது. இதுபற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஹெச்பிஏ1சி சராசரியாக அரைப் புள்ளிக்குச் சற்று முன்பின்னாகக் குறைகிறது. அளவைப் பார்த்து மருந்தை மாற்றும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் பயன் அதிகம். வெறுமனே பதிவு செய்யும் இடத்தில் குறைவு. அப்பாவைப் போல உயரத்தில் இருப்பவர்களுக்கு இறங்கவும் நிறைய இடம் உண்டு. காரணம் எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போனால் ஓர் ஆண்டில் மருந்தை மாற்ற நான்கு வாய்ப்புகள். வாரம் ஒருமுறை பேசினால் மூன்று மாதத்திலேயே பன்னிரண்டு. இந்த நோயில் பல ஆண்டுகள் வீணாவது “அடுத்த முறை பார்ப்போம்” என்ற சொல்லில்தான்.

உடனே 6.5-க்கு ஆசைப்படாதீர்கள். பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வின் தரவுகளை அலசி 2000-இல் வெளியிட்டார்கள். ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. 10.4 என்பது 9.4 ஆனாலே அது பெரிய காரியம். பிறகு எட்டு, அதன் பிறகு ஏழரை. எங்கே நிறுத்துவது என்று அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மெதுவாக இறக்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட காலம் உயர்ந்திருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவர்களுக்கு அது சில மாதங்களுக்கு மோசமாகலாம். அதனால் மருந்தைக் கூட்டத் தொடங்கும் முன்பே கண்மணியை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இதைத் தொலைபேசியில் செய்ய முடியாது. சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், ரத்த அழுத்தம், பாதம் எல்லாவற்றையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தான் தொலைவழிக்கு வர வேண்டும். இடையில் பார்வை மங்கலானால் உடனே புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். சர்க்கரை இறங்கும்போது கண்ணாடியின் பவரும் சில வாரங்களுக்கு மாறிக்கொண்டிருக்கும். மங்கலோடு கரும்புள்ளிகள் மிதந்தாலோ பார்வை திடீரென மறைந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தொலைபேசியை வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டிய நேரங்களை அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்: நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, சர்க்கரை 300-க்கு மேல் நின்றுகொண்டு வாந்தியும் மயக்கமும், தாழ்சர்க்கரையில் விழுங்க முடியாத நிலை. அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காலில் புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே நேரில் காட்ட வேண்டும். உங்களுக்குத் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்.

மாதக் கட்டணம் கையைக் கடிக்கும் என்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. அரசு ஏற்பாடுகளை வைத்தும் இதில் பாதியைச் செய்யலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வரும் பெண் தன்னார்வலர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். அப்பாவின் பன் கதை செவிலியரைவிட அவருக்கு முதலில் தெரிந்திருக்கும். இசஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை வழியாக அரசு மருத்துவரோடு இலவசமாக வீடியோவில் பேசலாம். ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது என்பதுதான் குறை. அதனால் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுங்கள்.

சென்சார் விஷயம். ஒன்று வாங்குங்கள், ஒன்றே ஒன்று. சில ஆயிரம் ரூபாய் ஆகும். பரவலாகக் கிடைக்கும் வகை 14 நாள் வேலை செய்யும். அப்பாவுக்கு இது வாய்ப்பான கணக்கு: ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட், இரண்டும் ஒரே சென்சாரில் பதிவாகிவிடும். ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமை ஒட்டுங்கள். மேற்கையின் பின்பக்கம், வியர்வை துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். தறிக்கூட வெக்கையில் பெயர்ந்துவிடாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்திரி போடலாம். அந்த இரண்டு வாரமும் அவர் எப்போதும்போலச் சாப்பிடட்டும். சென்சார் இருக்கிறதே என்று கட்டுப்பாடாக இருந்தால் காசு வீண். எழுபதுக்கும் 180-க்கும் இடையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று அறிக்கை சொல்லும். பொதுவான இலக்கு 70 சதவீதத்துக்கு மேல். நான் முதலில் பார்ப்பது அதை இல்லை. 70-க்குக் கீழே போன நேரத்தைத்தான் பார்ப்பேன். அது நான்கு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பள்ளமும் ஒரு மணிக்கு மலையும் தெரிந்தால் என் ஊகம் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். நடுக்கம் இருந்து சென்சார் 90 என்று காட்டினால் விரலில் குத்திப் பாருங்கள். இதன் பிறகு மருந்தை மாற்றி, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்த்தால் போதும். மாதா மாதம் ஒட்டுவது அப்பாவுக்கு இப்போது தேவையில்லை.

பழனிக்கு வருகிறேன். நீங்கள் கடைசியில் சேர்த்திருக்கும் இந்த வரிதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. பாதம் மரத்துப்போகிறது என்று அம்மா சொல்வது நரம்புப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். மெட்பார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைந்தும் இப்படி வரும், அதையும் பார்த்துவிடுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது, ஐந்து நிமிடம்தான். கால் நாடியையும் பார்ப்பார்கள்.

உணர்வு போயிருந்தால் குண்டடம், தாராபுரம் வழியாகப் பழனி வரை நடப்பதை நான் அனுமதிக்க மாட்டேன், செருப்போடும்கூட. கல் குத்தினாலும் தார் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. மாலையில் காலைக் கழுவும்போதுதான் ரத்தம் தெரியும். வேண்டுதலை விடச் சொல்லவில்லை. அடிவாரம் வரை பஸ்ஸில் போகட்டும். வின்ச்சிலோ ரோப்காரிலோ மலை ஏறட்டும். “முருகன் கால் கேட்கவில்லை, ஆளைத்தான் கேட்கிறார்” என்று ஒரு வயதான நோயாளி என்னிடம் சொன்னார். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வதைவிட எடுபடும். படியேறியே தீருவேன் என்றால் கல் சூடாகும் முன், விடிகாலையில். இறங்கியதும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை அம்மா பார்க்க வேண்டும்.

உணர்வு நன்றாக இருந்து மருத்துவரும் சம்மதித்தால், வெறுங்காலோடு வேண்டாம். அகலமான முன்பாகமும் மெத்தென்ற அடியும் கொண்ட செருப்பை இப்போதே வாங்கி, வீட்டில் அரை மணி, ஒரு மணி என்று பழக்க வேண்டும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு யாத்திரை கிளம்பக் கூடாது. நாள் முழுதும் நடந்தால் சர்க்கரை இறங்கும். அன்றைய இன்சுலின் அளவைத் திட்டத்தின் மருத்துவரிடம் முந்தைய வாரமே எழுதி வாங்குங்கள். வழியெல்லாம் அன்னதானப் பந்தல் இருக்கிறதே என்று ஊசி நேரத்தையும் சோற்று நேரத்தையும் பந்தலுக்கு விட்டுவிடக் கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம், தோளில் மீட்டர். கூட நடப்பவர்களில் ஒருவருக்காவது அவருக்கு நடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன் சாப்பிடட்டும், டப்பாவை வீட்டுக்கு வாங்கி வர வேண்டாம்.

பாதப் பரிசோதனையைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள். நீங்கள் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்; அம்மாவே அழைத்துப் போவார்.